ஊசிக்காரம்மா கேட்கிற ஒரே கேள்வி

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் கொடுப்பவருக்கு எங்கள் குடியிருப்பில் ஊசிக்காரம்மா என்று பெயர். பதினாறு வருடமாகப் பெட்டியும் கையுமாகக் காலையிலேயே படியேறுகிறவர். வலிக்காமல் குத்துவதில் கெட்டிக்காரர் என்பார்கள். நான் அவரை மெச்சுவது அதற்காக அல்ல.

ஒரு காலத்தில் அவரும் என்னைப் போல வாய்த்துடுக்குக்காரர்தானாம். செல்போனில் வந்த வைத்தியத்தை நம்பிய ஒரு சர்க்கரை நோயாளியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்த ஆள் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். பரிசோதனை நின்றது, பிறகு கண்பார்வையும் போனது. அன்றிலிருந்து ஊசிக்காரம்மா யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை.

போன மாதம் என் அண்ணனுக்குச் சர்க்கரை நானூறைத் தாண்டியது. ஏதோ இலைச்சாறு குடித்தால் பதினைந்தே நாளில் குணமாகும் என்று வீடியோ பார்த்து மாத்திரையை நிறுத்திவிட்டிருந்தார். காலில் புண் வேறு. மறுபடி ரத்தம் எடுக்க ஊசிக்காரம்மா வந்தபோது நான் தாம்தூமென்று குதித்துக்கொண்டிருந்தேன்.

"படிச்ச மனுஷன்தானே நீ? எவனோ சொன்னா கண்ணை மூடிக்கிட்டு நம்பிடுவியா?"

அண்ணன் அசைந்துகொடுக்கவில்லை. ஊசிக்காரம்மா பெட்டியைக் கீழே வைத்தார்.

"சார், இதை உங்களுக்கு யார் அனுப்பினது?"

"என் மச்சினன்."

"போன் போடுங்க. அவர் குடிச்சுப் பாத்தாரான்னு மட்டும் கேளுங்க."

மச்சினன் குடிக்கவில்லை. எங்கள் அத்தை அனுப்பியதாம். அத்தையை ஸ்பீக்கரில் போட்டார் அண்ணன்.

"நான் எங்கப்பா குடிச்சேன்? உன் தம்பிதான் அனுப்பினான். நாலும் தெரிஞ்ச பிள்ளை, சும்மாவா அனுப்புவான்?"

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"நீங்க குடிச்சீங்களா தம்பி?" என்றார் ஊசிக்காரம்மா, அதே குரலில்.

குடிப்பதாவது? நான் அதைப் பார்க்கக்கூட இல்லை. வந்த வேகத்தில் மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டிருந்தேன். சொல்லக் கூசியது, சொன்னேன். வேறொருவராக இருந்தால் என்னை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார். இவரோ அண்ணன் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை பேருக்கு அனுப்பினீங்க?"

"பதினெட்டு."

"மெசேஜ் வேணாம். ஒவ்வொருத்தரா கூப்பிட்டுச் சொல்லிடுங்க."

அண்ணன் மாத்திரை டப்பாவை எடுத்துவரச் சொன்னார். நான் அங்கேயே உட்கார்ந்து கூப்பிட ஆரம்பித்தேன். ஆறு பேருக்கு அந்த வீடியோ ஞாபகமே இல்லை. ஏழாவது ஆள் என் பழைய அலுவலக நண்பர்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். நீ அனுப்பினதிலிருந்து மாத்திரையே போடறதில்ல," என்றார் சந்தோஷமாக.