ஸ்டாம்பு அதிகம் ஒட்டிய பொட்டலம்

பெரியநாயகிக்கு நாற்பத்தேழு வயது. கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தின் தபால் பிரிவில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள். தினமும் வடக்கனந்தலிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். வந்த உறைகளைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டு, அந்தந்த மேசைக்கு அனுப்புவாள். மனு என்ன ஆச்சு என்று ஜன்னலில் வந்து நிற்பவர்களிடம் எரிந்து விழமாட்டாள். அதைத் தவிர அவளைப் பற்றி அலுவலகத்தில் யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, சந்தேகப்படும்படியான தபால் வந்தால் என்ன செய்வது என்று போலீசார் அரைநாள் வகுப்பு எடுத்தார்கள். வேறு யாரும் போக விரும்பாததால் இவளை அனுப்பினார்கள். பாதிப் பேர் தூங்கிய அந்த வகுப்பில் இவள் கடைசிவரை விழித்திருந்தாள். அவளுடைய அப்பா கூலிக்குப் பூச்சிமருந்து அடிக்கப் போனவர். ஒருநாள் கரும்புக்குக் குருணை மருந்து தூவிவிட்டுக் கையைச் சரியாகக் கழுவாமல் சோறு தின்றார். வரப்பிலேயே நுரை தள்ளி விழுந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் சாகும்வரை கை நடுக்கம் போகவில்லை. கண்ணுக்கு மண்ணுபோல இருப்பதும் ஆளைச் சாய்க்கும் என்பதைப் பெரியநாயகிக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பொட்டலம் வந்தது. செங்கல் அளவு இருக்கும். மேலே டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றியிருந்தது. தேவைக்கு மேல் ஏழெட்டு ஸ்டாம்புகள். அனுப்பியவர் பெயர் இல்லை. 'பெரிய ஐயா மட்டும் பிரிக்கவும்' என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. எல்லாமே அந்த வகுப்பில் சொன்ன அடையாளங்கள். பக்கத்தில் உட்காரும் ஷாலினி, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆனவள், அதை எடுத்துக் காதோரம் ஆட்டினாள்.

"அக்கா, உள்ள இன்னாவோ சலசலங்குது."

அதன் ஒரு மூலையிலிருந்து கத்தரிப்பூ நிறத்தில் பொடிப்பொடியாக மேசையில் உதிர்ந்தது.

"ஆட்டாத ஷாலினி. அப்படியே மேச மேல வச்சிடு. மோந்து பாக்காத. மூஞ்சில கை வைக்காத."

பெரியநாயகி மின்விசிறியை நிறுத்தினாள். ஷாலினியை வெளியே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். குழாயடியில் அவள் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வைத்தாள். பொடி பட்ட துப்பட்டாவைக் கழற்றச் சொல்லி ஒரு பையில் போட்டுக் கட்டினாள். பிறகுதான் சூப்பிரண்டு ஜெயப்பிரகாஷிடம் போனாள்.

அவர் சலித்துக்கொண்டார். "எவனாவது ஏதாவது வெதைய அனுப்பியிருப்பாம்மா. ஒரு கத்தரிக்கோல எடுத்து வெட்டிப் பாத்தா முடிஞ்சிது. போலீசு கீலீசுன்னு போனா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் சார். நான் பிரிக்க மாட்டேன். நீங்களும் உள்ள போவாதீங்க."

பதினாறு வருடத்தில் அவரிடம் அவள் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பதில் சொல்வதற்குள் தன் போனிலிருந்தே போலீசுக்குச் சொல்லிவிட்டாள்.

அறுபது பேர் வெயிலில் முற்றத்தில் நின்றார்கள். மனுவோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். "இந்தம்மாவால ஒரு நாள் போச்சு" என்று யாரோ அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். முகமூடியும் கையுறையும் போட்டவர்கள் வந்து பொட்டலத்தை எடுத்துப் போனார்கள். சாயங்காலம் தகவல் வந்தது. பயிருக்குப் போடும் விஷக் குருணை. மின்விசிறிக்கு அடியில் வெட்டிப் பிரித்திருந்தால் தூசு முகத்தில் அடித்திருக்கும். ஷாலினியை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்தார்கள். ஜெயப்பிரகாஷ் ஒரு டீயை வாங்கிவந்து பெரியநாயகியின் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ஊர் முழுக்க 'மிரட்டல் பார்சல்' பற்றித்தான் பேச்சு. பொட்டலத்துக்குள் 'இது கலந்த தண்ணிய நீங்க குடிப்பீங்களா' என்று ஒரு கடிதம் பேரோடு இருந்ததாம். கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஊரைச் சேர்ந்த தைலம்மாள் என்ற பெண்ணை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்திருப்பதாகச் சொன்னார்கள்.

அந்தப் பெயரை எங்கோ எழுதியது போல் இருந்தது பெரியநாயகிக்கு. பதிவேட்டைப் புரட்டினாள். ஆகஸ்டில் ஒரு மனு, அக்டோபரில் ஒரு மனு. 'குடிதண்ணீர் ஊற்றில் மருந்து கலப்பது குறித்து.' இரண்டு பதிவுமே பெரியநாயகியின் கையெழுத்து. அவள் எண் போட்டு அனுப்பியதோடு சரி, அதற்குப் பிறகு எந்த மேசையிலும் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. ஜெயப்பிரகாஷிடம் சொல்லி, அந்தப் பக்கங்களை நகல் எடுத்துக்கொண்டு, அரைநாள் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

தைலம்மாள் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். பெரியநாயகி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க பொட்டலத்தப் பத்திப் போலீசுக்குச் சொன்னது நான்தான்."

தைலம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். "நான் யாரையும் கொல்ல அனுப்பலம்மா. நாங்க குடிக்கிற ஊத்தாண்ட மருந்து மூட்டையக் கொட்டிட்டுப் போய்ட்டாங்க. மூணு ஆடு செத்துப்போச்சு. ரெண்டு தடவ மனு குடுத்தேன். போன மாசம் உங்க ஆபீசுல ஒருத்தரு, ஆதாரம் இருக்கான்னு கேட்டாரு. அதான் வாரி அனுப்பிச்சேன்."

"அவ்ளோ ஸ்டாம்பு எதுக்குக்கா ஒட்டுனீங்க?"

"கம்மியா ஒட்டுனா போய்ச் சேராதுன்னாங்க. வாங்குனத எல்லாம் ஒட்டிட்டேன். பேரு உள்ள கடுதாசில எழுதியிருந்தேனே."

"வெறுங்கையாலயா வாருனீங்க?"

"பின்ன?" என்றாள். "அன்னிலேருந்து தலசுத்தலா கீது. கையெல்லாம் எரிச்சல்."

பெரியநாயகி எழுந்துபோய் எஸ்.ஐ.யின் மேசையில் நகல்களை வைத்தாள். "சார், இவங்க மெரட்டல. ஆதாரம் கேட்டாங்க, அனுப்பிட்டாங்க. முதல்ல இவங்கள டாக்டர்கிட்ட காட்டுங்க."

எஸ்.ஐ. இரண்டு பக்கங்களையும் படித்தார். தைலம்மாளின் உள்ளங்கைகளை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். விசாரிக்கும் மும்முரத்தில் அதுவரை யாருக்கும் அந்த யோசனை வரவில்லை. ஜீப்பிலேயே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அவள்மேல் வழக்கு இல்லை.

பத்து நாளில் அதிகாரிகள் மலையேறினார்கள். ஊற்றுக்கு மேலே குத்தகைக்கு மரவள்ளி போட்டிருந்தவன்தான் மூட்டைகளைக் கொட்டியவன். ஊற்றை மூடி, ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். செத்த ஆடுகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆதாரம் கேட்டது யார் என்று ஜெயப்பிரகாஷ் விசாரித்தபோது எல்லோரும் நானில்லை என்றார்கள்.

பெரியநாயகி ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தபால் ஜன்னலில் ஒட்டினாள். 'மருந்து, மண், தண்ணீர் எதையும் தபாலில் அனுப்ப வேண்டாம். போட்டோ போதும். ஆட்கள் வந்து பார்ப்பார்கள்.'

ஷாலினி படித்துவிட்டுக் கேட்டாள். "வந்து பாப்பாங்களாக்கா?"

பெரியநாயகி பேனாவை எடுத்து அடியில் இன்னும் ஒரு வரி சேர்த்தாள். 'பார்க்கவில்லை என்றால் என்னிடம் வந்து சொல்லுங்கள். பெரியநாயகி, தபால் பிரிவு.'

அனுமதி இல்லாமல் ஒட்டியது. ஜெயப்பிரகாஷ் அந்தப் பக்கமாக வந்தபோது நின்று படித்தார், கிழிக்கச் சொல்லவில்லை.