என் வீட்டில் நான் துடைக்காத வைரஸ்

வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஒளிந்திருக்கும் வைரஸைத் தேடிப் பிடிக்கும் தொழிலில் முதல் வாரமே தெரிந்துவிடும் ஒரு விஷயம், அதை உள்ளே விட்டவர் அநேகமாக அந்த வீட்டு ஆளாகத்தான் இருப்பார் என்பது. மெஷின் திடீரென்று படுத்துக்கொண்டு, கேட்காத பக்கமெல்லாம் தானாகத் திறந்துகொள்ள, கடைக்குப் போன் போட்டுவிட்டு நகம் கடித்தபடி உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

காக்ஸ் டவுனில் ரஹ்மான் பாய் கடையில் ஒன்றரை வருஷமாக இருக்கிறேன். பெண்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் பாய் என்னைத்தான் அனுப்புவார். இதைக் வாடிக்கையாளர் விவரம் எழுதும் கடையின் பழைய ஜாப் கார்டுகளின் பின்பக்கத்தில், குழந்தை தூங்கிய பிறகு, பேனாவால் எழுதுகிறேன். மர்பி டவுனில் எங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால் அதில் நான் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் என் கணவர் படிக்கிறார். மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவிடம் போய்விட நான் திட்டம் போட்டிருப்பதை அவர் அப்படித்தான் தெரிந்துகொண்டார். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்து இரண்டு மாதம் ஆகிறது.

மரியாதைக்காரர்

ஜீவனஹள்ளியில் ஒரு ரிட்டயர்ட் கிளார்க். போனதும் அவர் போனிலிருந்து என் கணவருக்கு அழைத்து, எந்தத் தெரு, எத்தனை மணிக்கு முடியும் என்று சொன்னேன். எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படிச் சொல்ல வேண்டும் என்பது என் கணவர் போட்ட சட்டம். வாடிக்கையாளர்கள் அதைக் கடை வழக்கம் என்றே நினைத்துக்கொள்வார்கள். இந்தப் பெரியவரும் "உங்க கடையில டிசிப்ளின் நல்லா இருக்கும்மா" என்று பாராட்டினார்.

திரையில் பாதி உயரத்துக்கு விளம்பர டூல்பார்கள். பந்தயக் குதிரை, ஜோசியம், அமெரிக்காவில் வீட்டுக் கடன். நிறுவட்டுமா என்று கேட்டு வந்த ஒவ்வொரு பெட்டிக்கும் 'எஸ்' அழுத்தியிருக்கிறார். இனிமேல் 'நோ' அழுத்துங்கள் அங்கிள் என்றேன். அவருக்கு மனசு வரவில்லை.

"ஒருத்தன் வீடு தேடி வந்து கேக்கறப்ப, முகத்துல அடிச்ச மாதிரி நோன்னு எப்படிம்மா சொல்றது?"

மாடி ரூம் பையன்

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். அல்சூர் பக்கம் ஒரு வீடு. மாடி ரூமில் சேலத்துப் பையன் ஒருவன் வாடகைக்கு இருந்தான். மெயில் பார்க்க எப்போதாவது கீழே வந்து இவர்கள் கம்ப்யூட்டரில் உட்காருவான். ஒரு நாள் திரை முழுக்க அசிங்கப் படங்கள் வந்தன. மூடினால் நான்கு, நான்கை மூடினால் பத்து. அன்று சாயங்காலமே பெட்டியோடு அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவன் போன பிறகும் படங்கள் வந்துகொண்டிருந்ததால்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

தேடியதில், வீட்டுக்காரம்மா கல்யாணப் பத்திரிகை டிசைனுக்காக இறக்கிய இலவச சாஃப்ட்வேரோடு அது ஒட்டிக்கொண்டு வந்தது தெரிந்தது. இறக்கிய தேதியோடு காட்டினேன். அந்தப் பையன் மேல் தப்பே இல்லை ஆன்ட்டி என்றேன். அவர் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு காபி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ரூமுக்கு வேற ஆள் வந்தாச்சு. இப்பப் போய் அவனை நல்லவன்னு சொல்லி என்ன ஆகப் போகுது?"

சமையல் குறிப்பு

ஒரு ஃபிளாட். என் வயதுதான் அந்தப் பெண்ணுக்கு, திருச்சிக்காரி. மெஷின் ஸ்லோ என்று கூப்பிட்டிருந்தாள். ஓடும் புரோகிராம்களின் பட்டியலைப் பார்த்தபோது, விண்டோஸின் சொந்தச் சரக்கு மாதிரியே பெயர் வைத்துக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. கீபோர்டில் தட்டுவதை எல்லாம் எழுதி வைக்கும் ஜாதி. யாராவது வேண்டுமென்றே உட்கார்ந்து நிறுவினால்தான் வரும். அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

எப்படிச் சொல்வது என்று தடுமாறி ஆரம்பித்தேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும்ங்க, அதை மட்டும் எடுத்துடாதீங்க. தினமும் ரெண்டு சமையல் குறிப்பு தட்டி வெச்சுடறேன், அவரும் படிச்சுட்டு நிம்மதியாத் தூங்கறார்."

நானே போட்ட டிக்

அங்கிருந்து பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் புரோகிராமின் பெயரை நான் முன்பே பார்த்திருந்தேன், எங்கள் வீட்டில்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நாங்கள் பயன்படுத்தும் சில கருவிகளையே ஆன்டிவைரஸ் வைரஸ் என்று பிடித்துவிடும். அதனால் 'இதைத் தொடாதே' என்ற பட்டியலில் சேர்த்து ஒரு டிக் போட்டுவிடுவோம். அதன் பிறகு ஆயிரம் தடவை ஸ்கேன் செய்தாலும் அது கண்ணில் படாது. பதினோரு மாதம் முன்பு வீட்டு மெஷினில் ஒன்று சிக்கியபோது, "அது என் ஆபீஸ் சாஃப்ட்வேர், நீ எடுத்துட்டா என் வேலை போயிடும்" என்றார் என் கணவர். பாவம் என்று நானே டிக் போட்டேன். ஊரெல்லாம் வைரஸ் பிடிக்கிறவள், ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது திறந்து பார்த்தேன். நாள்வாரியாக ஃபைல்கள். அக்காவுக்கு எழுதிய எல்லா மெயிலும், தட்டிவிட்டு வேண்டாம் என்று அழித்த வார்த்தைகள்கூட இருந்தன. நான் படித்த கான்வென்ட் ஹாஸ்டலில் சிஸ்டர்கள் எங்கள் கடிதங்களைப் படிப்பார்கள்தான். ஆனால் படித்ததற்கு அடையாளமாக உறையில் சிவப்பு மசியில் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்.

அவர் அடிக்கிறவர் இல்லை. கேட்கிறவர். எங்கே போனாய், யார் கதவைத் திறந்தார்கள், ஏன் பத்து நிமிடம் லேட். அப்படிப்பட்டவர் மாசிக் கடைசியில் நான் கேட்காமலே பெட்ரூம் ஃபேனை ரிப்பேர் செய்தார். அதன் சத்தத்தில் தூக்கம் இல்லை என்று அக்காவுக்கு எழுதியிருந்தேன். மனுஷன் புரிந்துகொள்கிறாரே என்று அன்று சந்தோஷப்பட்டேன். குழந்தையின் பர்த் சர்டிஃபிகேட்டை பைபிளுக்குள் வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தேன். இல்லை. அது இல்லாமல் அக்கா சொல்லி வைத்திருக்கும் ஸ்கூலில் இவளைச் சேர்க்க முடியாது. அவர் வந்ததும் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"ஜெராக்ஸ் எடுக்கலாம்னு நான்தான் வெச்சிருக்கேன். ஏன், எங்கயாவது அவசரமா வேணுமா?"

பாய் கிழித்த கார்டு

மறுநாள் பாயிடம், ஒரு கஸ்டமர் வீட்டில் இப்படி, புருஷன் வைத்திருக்கிறான், எடுத்துவிடவா என்று கேட்டேன். எந்த ஏரியா என்று கேட்கவில்லை. அட்ரஸ் எழுதாமல் நான் வைத்திருந்த ஜாப் கார்டை வாங்கிக் கிழித்துக் கூடையில் போட்டார். பிறகு கடை மெஷின் ஒன்றை என் பக்கம் திருப்பி வைத்தார். அன்றிலிருந்து அக்காவுக்கு உண்மையான கடிதங்கள் அதிலிருந்துதான் போகின்றன.

"அரே, யாரு வெச்சாங்கன்னு தெரிஞ்ச வீட்ல மெஷினைத் தொடாதே தங்கச்சி. மொதல்ல ஆளு வெளிய வரட்டும், மெஷினு எங்க போயிடப் போவுது?"

அட்மிஷன்

வீட்டு மெஷினில் அக்காவுக்குப் பொய்க் கடிதங்கள் தட்ட ஆரம்பித்தேன். அக்காவுக்குச் சொல்லி வைத்திருந்தேன். அவளும் அதற்கேற்றபடி பதில் போட்டாள். அவசரப்பட்டுவிட்டேன், இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று எழுதினேன். அவர் நல்லவர் என்று தட்டிவிட்டு, அழித்துவிட்டு, மறுபடி தட்டினேன். அழித்ததையும் படிப்பார் அல்லவா? மூன்று வாரம் கழித்து, பக்கத்து ஸ்கூலில் அட்மிஷன் ஃபாரம் தருகிறார்கள், ஒரிஜினல் சர்டிஃபிகேட் கேட்கிறார்கள், அவரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது என்று எழுதினேன். அந்தக் கடைசி வரி மட்டும் பொய் இல்லை.

இரண்டு நாள் ஆயிற்று. நேற்று காலை குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் உறை போட்டு அவர் அந்தச் சர்டிஃபிகேட்டை என் பக்கம் நகர்த்தினார். முகத்தில் எதையும் காட்டக் கூடாதென்று குழந்தையின் வாயைத் துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"ஸ்கூல் ஃபாரத்துக்கு வேணுமில்ல? என்கிட்ட கேக்கறதுக்கு உனக்கென்ன பயம்?"

கோயம்புத்தூர் பஸ் வியாழக்கிழமை, எத்தனையோ வீட்டில் இந்தச் சனியனைப் பிடித்து வெளியே தள்ளியவள் நான், என் வீட்டில் மட்டும் அதற்கு இன்னும் ஐந்து நாள் வேலை கொடுத்து வைத்திருக்கிறேன்.