அடுப்பு இல்லாத ஊர்

என் மாமனார் எதையும் வெள்ளோட்டம் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். மாடு என்றால் நாலு சால் ஓட்டிப் பார்ப்பார். மோட்டார் என்றால் ஒரு பாத்தியாவது பாய்ச்சிப் பார்ப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது காபியைக் குடித்துவிட்டு, இன்னொரு தரம் போட்டுவரச் சொன்னார். முதல் காபி தற்செயலாக நன்றாக அமைந்திருக்கலாம் என்று சந்தேகம். ஆகவே, ஐரோப்பாவுக்கும் ஒரு வெள்ளோட்டம் வேண்டும் என்று அவர் சொன்னபோது நைனார்பாளையத்து வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அந்த மே மாதம் நானும் கணவரும் சென்னையிலிருந்து போயிருந்தோம். எனக்கு ஒரு நாளிதழில் செய்தி திருத்தும் வேலை, அவருக்குக் கணினி வேலை. ஐரோப்பாவில் கோடை வந்ததும் மாமனார் மாமியாரை இரண்டு வாரம் அங்கே கூட்டிப்போவது என்று முடிவாகிவிட்டது. எந்தெந்த ஊர் என்பதுதான் பாக்கி.

"பாரிஸ் கண்டிப்பா போவணும்பா. டவர் இருக்குது" என்றார் கணவர்.

"நெய்வேலி போற வழியெல்லாம் கரண்ட் டவர்தான் நிக்குது. அதுக்கு இன்னாத்துக்கு பிளேன் ஏறணும்?"

மாமனாருக்கு வேண்டியது ஹாலந்து. அங்கே கடல் மட்டத்துக்குக் கீழே பயிர் வைக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "மழ பேஞ்சா தண்ணிய எங்க வடிக்கறான்னு பாக்கணும்." ரோம் போவதில் இருவருக்கும் தகராறு இல்லை.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்தில் ஒரு மலைக் கிராமம். அங்கே ஒரு சிறிய விடுதி. இரண்டு வேளையும் அவர்களே சமைத்துப் போடுவார்கள். தங்குகிறவர்கள் சமைக்க இடம் கிடையாது. மற்ற ஊர்களில் கணவர் பார்த்து வைத்திருந்தவை எல்லாம் சமையலறையோடு கூடிய வீடுகள். மாமனாருக்கு வெளிச்சாப்பாடு ஆகாது. பாரிஸில் பொழுது விடிந்ததும் நான் என்ன செய்துகொண்டிருப்பேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. உப்புமாவுக்குத் தாளித்துக்கொண்டிருப்பேன். ரோமில் ரவை தீர்ந்து சேமியாவுக்கு வந்திருப்பேன்.

செய்தி திருத்துகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் சொன்னது வந்திருக்கிறது என்பதோடு, யார் சொன்னது வரவில்லை என்றும் பார்ப்போம். அன்று மாமியார் சொன்னது எதுவும் வரவில்லை. அவர் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எந்த ஊர் வேண்டும் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

நான் மலை என்றதும் மாமனார் மாமியார் பக்கம் திரும்பினார். "இவளுக்கு மல ஒத்துக்குமா? குளுரு ஒத்துக்குமா? பாத்துட்டு சொல்லலாம். நாளிக்கு வெள்ளிமலை போறோம்."

வெள்ளிமலையில் மே மாதம் குளிர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கொஞ்சம் காற்று உண்டு. போகிற வழியில் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு.

காலையில் வாடகை ஜீப் வந்தது. மாமனார் டிரைவர் பக்கத்தில், கணவர் நடு இருக்கையில். நானும் மாமியாரும் பின்னால், பக்கவாட்டு பெஞ்சுகளில் எதிரெதிரே. வெள்ளோட்டம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக மாமியார் கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தார். கச்சிராயபாளையம் வரைக்கும் வேர்த்துக் கொட்டியது. அங்குள்ள அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் முகம் வெளுத்தது. ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். இறங்கி வாந்தி எடுத்தார். ஏறி உட்கார்ந்து இரண்டு வளைவு போவதற்குள் மறுபடியும்.

மாமனார் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "மல கேன்சலு."

நான் மாமியாரின் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தேன். ஆனால் எனக்குக் கோபம் மாமனார் மேல் வரவில்லை, மாமியார் மேல்தான் வந்தது.

வெள்ளிமலையில் ஆண்கள் டீ குடிக்கப் போனார்கள். நாங்கள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். எதிரே உழுது போட்ட சரிவு, மழைக்குக் காத்திருந்தது. மாமியார் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"நீ கேட்ட ஊரு, அதுவும் இந்த மாதிரிதானா?"

"இதவிட உசரங்க, அத்தை. அதான் கேன்சல் ஆயிடுச்சே."

"அங்க இன்னா கீது?"

"பனி இருக்கும். மாடு இருக்கும்."

"மாடா? நம்மூட்டு மாட்டயே யாரும் பாக்கறதுல்ல." சால்வை நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சோறு ஆக்கறது?"

"அங்க அடுப்பே கெடையாதுங்க. அவங்களே ஆக்கிப் போட்டுடுவாங்க."

"நீ ஆக்க வேணாமா?"

"வேணாங்க."

"நானு?"

"நீங்களும் வேணாம். கையக் கழுவிட்டு உக்கார வேண்டியதுதான்."

"தட்டு கழுவறது?"

"அதுவும் அவங்கதான்."

அவர் என்னை முழுதாகத் திரும்பிப் பார்த்தார். "இத நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

ஆண்கள் வந்ததும் மாமியார் எழுந்தார். "இன்னாங்க, அந்த மலைக்கும் போயிட்டு வந்துடலாம்."

"வாந்தி எடுத்த வாயி இன்னும் காயல. மலையாம் மல!"

"எடுத்தா எடுக்கறேன். உங்க மேலயா எடுத்தேன்?"

டிரைவர் சிரிப்பை மறைக்க டயரை உதைத்துப் பார்த்தார். மாமனார் காரணம் கேட்டார். காத்து நல்லா கீது என்றார் மாமியார். அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாமனார் அவரை மேலும் கீழும் பார்த்தார். படுத்துவிட்டு எழுந்த மாட்டை அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"சரி, தெம்பாத்தான் கீறா. மல இருக்கட்டும்."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஜீப்பில் ஏறும்போது கணவர் சொன்னார்: "ஆனா அங்க கிச்சன் கெடையாதுப்பா."

"அப்ப இன்னா துன்றது? நானு வெறும் ரொட்டியா துன்னுவேன்?"

என் கணவர் கெட்டவர் இல்லை. எந்தச் சிக்கலுக்கும் தீர்வாகக் கடையில் வாங்க ஒரு பொருள் அவருக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். "சின்னதா கரண்ட் அடுப்பு வருதுப்பா. பொட்டியில வெச்சிக்கலாம். ரூம்லயே ஆக்கிடலாம்."

"விடுதியில சமைக்க உட மாட்டாங்க" என்றேன்.

"சோறு வேவறது யாருக்குக் கேக்கப் போவுது?"

கணவர் போனை எடுத்துப் பார்த்தார். மலை மேல் சிக்னல் இல்லை. கீழே போய்ப் பார்த்துக்கலாம் என்று பையில் போட்டுக்கொண்டார்.

இறங்கும்போது மாமியாருக்கு வாந்தி வரவில்லை. என் பக்கத்து பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தார். முன்னால் கேட்காதபடி பேசினார்.

"அந்த அடுப்பு அங்க வேல செய்யுமா?"

"பிளக்கு வேற மாதிரிங்க. அடாப்டர்னு ஒண்ணு தனியா வாங்கணும்."

"யாரு வாங்கறது?"

"நான்தாங்க வாங்கணும்."

ஒரு வளைவில் ஜீப் சாய்ந்தது. அவர் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"மறந்துடு" என்றார்.

அதற்குப் பிறகு கையை அவர் எடுக்கவில்லை. எனக்கு அத்தனை வளைவும் இதமாக இருந்தது.

அடிவாரத்தில் சிக்னல் வந்தது. கணவரின் போன் விட்டுவிட்டுச் சத்தம் போட்டது. கட்டைவிரலால் எதையோ தேடி, தட்டி, பின்னால் திரும்பினார்.

"ஆர்டர் போட்டுட்டேன். அடாப்டரும் சேத்தே வருது."

"கெட்டிக்காரன்" என்றார் மாமனார்.

மாமியார் கையை எடுத்துக்கொண்டார். சால்வையை உதறி மடித்து மடியில் வைத்தார். அணைத் தண்ணீரைக் கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டே வந்தவர், வழக்கமான குரலில் என்னைக் கேட்டார்:

"அரிசி எவ்ளோ எடுத்துக்கறது?"