சாமிக்குக் கொடுத்த முடியும் மூன்று கம்பெனியும்

“மூஞ்சியே தெரியாத ஒருத்தன்கிட்ட வேல செஞ்சிக்கினு இருக்க. நாளைக்கி அவன் கதவ சாத்திட்டா யாரைப் போயி கேப்ப?”

மல்லாட்டையை உடைத்துக் கடலையை உரித்துக்கொண்டே அம்மா கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். கிளியனூரில் பஸ் ஏறித் திண்டிவனம் போய்ப் படித்துப் பட்டம் வாங்கியவள்.

“ஒருத்தன் இல்லம்மா, மூணு கம்பெனி. ஒன்னு போனா ரெண்டு இருக்கு.” கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன்.

செயற்கை நுண்ணறிவைப் பழக்குவது என் வேலை. திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து அறை எடுத்திருக்கிறோம். அவரவர் லேப்டாப், அவரவர் வேலை. படத்தில் இது மாடு, இது வண்டி என்று கோடு போட்டுக் காட்டுவோம். நான் பல மாதம் மனித முகங்களுக்குக் கோடு போட்டிருக்கிறேன். கண், மூக்கு, காது என்று. தினமும் வேலை தொடங்கும் முன் திரையில் ஒரு வட்டம் வரும். அதற்குள் முகத்தைக் காட்டி, தலையை இப்படியும் அப்படியும் திருப்பினால்தான் உள்ளே விடும். மூன்று கம்பெனிக்கும் பெயர் வேறு, நிறம் வேறு. வட்டம் மட்டும் ஒன்று போலவே இருக்கும். அதை நான் யோசித்ததே இல்லை.

அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. அன்று முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு மேல்மலையனூர் அம்மனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன். அம்மா நல்லபடியாக வீடு திரும்பினாள். அடுத்த அமாவாசைக்குப் போய் முடி இறக்கி, சந்தனம் பூசிக்கொண்டு வந்தேன். மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர், “இன்னாமா, மலையனூரா?” என்று கேட்டுவிட்டு வழக்கம்போல் திண்டிவனம் டிக்கெட்டைக் கிழித்தார்.

மாடியில் வட்டம் என்னைப் பார்த்தது. ‘முகம் பொருந்தவில்லை’ என்றது.

முதலில் எல்லாரும் சிரித்தோம். பக்கத்து மேசை அக்கா கோட்டக்குப்பத்துக்காரர், கணவர் துபாயில். “நான் முக்காடு போட்டுக்கினு வந்தாலே தெரியுது, காது மூக்கு எல்லாம் தெரியற உன்ன தெரியலியா அதுக்கு?” என்றார். சந்தனத்தைக் கழுவிவிட்டுக் காட்டினேன். பொருந்தவில்லை. அக்காவின் யோசனைப்படி துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு காட்டினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. ‘ஏமாற்றும் முயற்சி. உங்கள் கணக்கு நிறுத்தப்பட்டது.’

சரி, இன்னும் இரண்டு இருக்கிறதே என்று அடுத்ததைத் திறந்தேன். வட்டம் வரவே இல்லை. அதே வாக்கியம் வந்தது. மூன்றாவதிலும் அதே வாக்கியம், எழுத்து பிசகாமல். நான் அந்த இரண்டிலும் முகத்தைக் காட்டவே இல்லை!

அப்போதுதான் பயம் வந்தது. அக்கா தன் லேப்டாப்பில் ஏதோ தேடிப் படித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“ரெண்டாவது கம்பெனிய மொதலாவது போன வருசமே வாங்கிட்டான். மூணாவது சின்னது, சொந்தமா ஒன்னும் கெடையாது. மிஷின், மூஞ்சி பாக்கறது, எல்லாம் அவன்கிட்டதான் வாடகை. மூணு கடை, பின்னாடி ஒரே குடோன்.”

யாரிடமாவது பேசலாம் என்று உதவிப் பக்கத்துக்குப் போனேன். ‘உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது’ என்று நல்ல தமிழில் பதில் வந்தது. கோயிலில் முடி கொடுத்ததை எழுதினேன். புரிகிறது என்றது. மனிதர் யாராவது பேச வேண்டும் என்றேன். அதற்கும் புரிகிறது என்றது. ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்றால் சண்டை போட அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். கத்தலாம், அழலாம், நாளைக்கு வா என்றாவது சொல்வார். இங்கே பதில் சொல்வதும் அந்தக் குடோனில் இருக்கும் மிஷின்தான்.

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் வட்டமாகவே தெரிந்தது. பேங்க் ஆப்பில் ஒன்று. தபாலில் நான் படிக்கும் எம்.ஏ.வுக்கு ஆன்லைன் தேர்வு, அதன் முகப்பில் ஒன்று. இவையும் அதே குடோனா, வேறா என்று எனக்குத் தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஏமாற்றுக்காரி என்ற பேர் எங்கெல்லாம் போயிருக்கிறதோ! திறந்து பார்க்கக் கை வரவில்லை. என் காதையும் மூக்கையும் பார்த்து இவள் அவளில்லை என்று சொன்னது, ஒருவேளை என்னிடமே காதும் மூக்கும் கற்றுக்கொண்டதாக இருக்கலாம்.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தால் தெரியாதா?

“முடி வளந்தா சரியாப் பூடும் இல்ல?”

“அதுக்குள்ள என் கணக்க அழிச்சிருவாங்களாம்மா. இத்தினி வருச வேலையும் பூடும்.”

“சாமிக்குக் குடுத்த முடிய அவன் எதுக்குடி கேக்கறான்?” என்றாள். பிறகு என் மொட்டைத் தலையை முந்தானையால் துடைத்துவிட்டு, “என்னாலதான்” என்று முணுமுணுத்தாள். கதவைச் சாத்தினால் யாரைக் கேட்பாய் என்று அவள் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள். பட்டா, முதியோர் பென்ஷன், குடிதண்ணீர் என்று வந்திருந்தவர்களோடு வரிசையில் நின்றேன். மனுவோடு பின்னல் போட்ட படம் ஒன்று, மொட்டைப் படம் ஒன்று.

மேசையில் இருந்தவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். “கம்பெனி எந்த ஊருமா?”

“தெரியாதுங்க.”

“இத எந்த டிபார்ட்மென்ட்டுக்குப் போடறது?”

“அதுவும் தெரியலீங்க சார். அதான் உங்ககிட்ட வந்தேன்.”

இரண்டு படத்தையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ரெண்டும் நீதானம்மா” என்றார். அவரால் ஒன்றும் ஆகாது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் முத்திரை குத்தி ரசீது தந்தார். துப்பட்டா தோளில்தான் கிடந்தது, மொட்டையை மூடிக்கொள்ளத் தோன்றவில்லை. ரசீதை மடித்து வைத்துக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன்.