வைரவரடியில் ஒரு சோடிச் செருப்பு

முள்ளியவளையில் தச்சுப் பட்டறை நடத்துகிற தவராசாவிடம் கரண்ட் பார்க்க வந்த கச்சு முகம்மது, அன்று மத்தியானம் திரும்பிப் போகும்போது வெறுங்காலோடு சைக்கிளில் ஏறினார். அவருடைய இறப்பர்ச் செருப்பு இரண்டும் பட்டறையின் பின்கதவடியில், முன்பக்கம் வெளியே பார்த்தபடி சோடியாக இருந்தன. மனுசன் மறந்துபோனார் என்றுதான் தவராசாவின் மனைவி நேசமலர் நினைத்தாள். மறந்து போகிறவர் செருப்பைத் திருப்பி வைத்துவிட்டுப் போகமாட்டார் என்பது அவளுக்கு அடுத்தநாள் காலையில்தான் உறைத்தது.

கச்சு முகம்மது அறுபது கடந்தவர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில் வயரிங் வேலை பழகி, ஊருக்குத் திரும்பி வந்தபின் அதையே தொழிலாக வைத்திருந்தவர். ஆரும் மிசின் வாங்கப் போகிறேன் என்றால் மிசினைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கமாட்டார்.

தவராசா வவுனியாவில் மரம் சீவுகிற மிசின் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். மூன்று லைன் கரண்டில் ஓடுவது. பட்டறைக் கட்டடம் முன்னர் நெல்லு மில்லாக இருந்ததால் மூன்று லைனும் ஏற்கனவே வந்திருந்தது.

"கொண்டுவந்து பூட்டினா ஓடும்தானே, நானா?" என்றான்.

"மாடு வாங்க முதல் வளவிலை புல்லு இருக்கோ எண்டு பாக்கமாட்டியளோ? மிசினும் மாடுதான் தம்பி. தின்னுறது கரண்ட்."

அப்படிச் சிரித்துக்கொண்டு வந்தவர்தான். மெயின் சுவிட்சை நிற்பாட்டச் சொன்னார். தவராசா நிற்பாட்டினான். காற்றாடி சுற்றி ஓய்ந்தது. கச்சு முகம்மது பழைய மீற்றருக்கு முன்னால் போய் நின்றார். கண்ணாடிக்குள் இருந்த தகடும் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அதன் விளிம்பில் இருந்த சிவப்புக் குறி மெதுவாகப் போய் மறைந்து, மெதுவாகத் திரும்பி வந்தது.

"ஒண்டும் ஓடேல்லை. அப்ப ஆர் தின்னுறது?" என்று அவர் தனக்குத்தானே கேட்டார்.

மெயினுக்கு மேலே வருகிற மூன்று கம்பியையும் தன் கருவியால் ஒவ்வொன்றாக அளந்தார். இரண்டு சரியாக இருந்தன. மூன்றாவது குறைந்து காட்டியது. வயர் சுவரில் இறங்கிப் போகிற குழாயில் கையை வைத்துப் பார்த்தார். இளஞ்சூடு.

"மூண்டு உயிர்க் கம்பியிலை ஒரு உயிர் மண்ணுக்கை போகுது" என்றார்.

அது கரண்ட் வேலைக்காரரின் பேச்சு. ஆனால் போரில் அத்தனை உயிர் போன அந்த மண்ணில் இருந்துகொண்டு அப்படியொரு சொல்லை நேசமலரால் சும்மா கேட்டுவிட்டுப் போக முடியவில்லை. அவளுடைய கண் தானாகப் பின்வளவுக்குப் போனது.

அங்கே பாலை மரத்தடியில் அவளுடைய வைரவர் இருந்தார். மீளக் குடியேறி வந்து பற்றை வெட்டியபோது, மண்ணில் இறுகிப்போய் நின்ற ஒரு கம்பியை அவள்தான் கண்டாள். அதன் தலையில் பித்தளைப் பிடி ஒன்று இரண்டு பக்கமும் விரிந்து சூலம் மாதிரி இருந்தது. முந்தி இருந்தவர்கள் வைத்துக் கும்பிட்டது என்று நினைத்து, ஒரு கல்லை அருகில் வைத்து, சந்தனம் பூசி, ஒவ்வொரு காலையும் செம்பில் தண்ணீர் ஊற்றிவந்தாள். ஒரு வருசத்துக்கு முன்னர் சூலத்தைத் தொட்டபோது முதன்முதலாக விரல் நுனி சிலிர்த்தது. பிறகு கை விறைத்தது. வைரவர் விழித்துவிட்டார் என்று அழுதாள். நல்லது கெட்டது எல்லாவற்றையும் அங்கேதான் சொன்னாள். சிலிர்ப்புக் கூடினால் ஓம் என்றும், குறைந்தால் இல்லை என்றும் எடுத்துக்கொண்டாள். மாலையைத் தின்னப்போன ஆட்டுக்குட்டி நின்ற இடத்திலேயே விழுந்து செத்தபோது, அதையும் அவர் கேட்டு எடுத்ததாகவே நம்பினாள்.

"எர்த் கம்பி, மண்ணுக்கை அடிச்ச கம்பி, எங்கை இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே கச்சு முகம்மது பின்பக்கம் போனார். வீட்டு நாய் அவரோடு துள்ளிக்கொண்டு போய், பாலை மரத்துக்குப் பத்தடி இருக்கையில் சட்டென்று நின்றது. ஒரு காலைத் தூக்கி முனகியது. பிறகு வாலை மடக்கிக்கொண்டு திரும்பிவிட்டது. மழையே இல்லாத ஆவணி மாதம். கல்லைச் சுற்றியிருந்த ஈரத்தில் மண்புழுக்கள் பட்டப்பகலில் மேலே வந்து நெளிந்துகொண்டிருந்தன.

அவர் குந்தி, கருவியோடு கைநீட்டினார்.

"நானா! அது கம்பியில்லை, எங்கடை வைரவர்" என்று நேசமலர் ஓடிவந்தாள். "என்ரை தலையிலை வேணுமெண்டாலும் கை வையுங்கோ. அதிலை வையாதேங்கோ!"

கச்சு முகம்மது கையை உடனே எடுத்துவிட்டார். சந்தனத்தைப் பார்த்தார். ஈர மண்ணில் பதிந்திருந்த அவளுடைய வெறுங்கால் அடையாளங்களைக் கனநேரம் பார்த்தார்.

"நான் தொடேல்லை, தங்கச்சி. நாளைக்கு நான் வாற வரைக்கும் இதடிக்கு வராதேங்கோ. ஆள் போயிடும்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

தவராசாவிடம் அவர் ஒளிக்கவில்லை. "மிசினின்ரை உடம்பை எர்த்திலைதான் கட்டவேணும். அந்தக் கம்பியிலை கட்டினா, மிசினைத் தொட்ட ஆள் மிசினோடைதான். மீற்றருக்கும் மெயினுக்கும் நடுவிலை பழுது. அதாலைதான் நிப்பாட்டியும் நிக்குதில்லை. சீல் வைச்ச இடம், நான் கை வைக்கேலாது. கரண்ட் கந்தோருக்குப் போய்ச் சொல்லுறன், நாளைக்கு வருவினம்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் தவராசா கந்தோர் ஆட்களைக் கூட்டிவர ஒழுங்கை முகப்புக்குப் போய்விட்டான். வெள்ளிக்கிழமையில் வைரவரைப் பட்டினி போடுவதா என்று நேசமலர் தவித்தாள். தலை முழுகி, செம்போடு பின்கதவுக்கு வந்தாள். அங்கேதான் அந்தச் செருப்பு.

இவள் எப்படியும் போவாள் என்று அந்த மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் தொழுகிற கடவுள் வேறு என்றாலும், இவளுடைய கடவுளைப் பற்றி ஒரு சொல் தவறாகச் சொல்லாமல் செருப்பை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

செருப்போடு சாமியடிக்குப் போவதை அவள் கனவிலும் நினைத்ததில்லை. ஆனாலும் அன்று "அப்பனே, பொறுத்துக்கொள்" என்று காலை நுழைத்தாள். செருப்புப் பெரிது. இழுத்து இழுத்து நடந்து, கல்லுக்கு முன்னால் நின்று, ஒரு விரலால் சூலத்தைத் தொட்டாள்.

ஒன்றுமில்லை. வெறும் இரும்பு. குளிர்ந்து கிடந்தது.

கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தாள். விரலை எடுக்காமலே ஒரு காலை மட்டும் செருப்பிலிருந்து கழற்றி, பெருவிரலை மண்ணில் வைத்தாள். தோள்மூட்டு வரைக்கும் ஆரோ பிடித்து இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. செம்பு ஒருபக்கம், அவள் ஒருபக்கம்.

விழுந்த இடத்தில் அப்படியே இருந்தாள். செருப்புப் போட்டால் போய்விடுகிறவர், கழற்றினால் வருகிறவர். அப்படியென்றால் இந்த ஒரு வருசமும் தன்னுடைய கேள்விகளுக்கெல்லாம் மண்ணுக்குள் இருந்து ஓம் சொன்னது ஆர்? சுற்றிலும் புழுக்கள் நெளிந்தன. நாய் தூரத்தில் நின்று அவளையே பார்த்தது.

கச்சு முகம்மது வந்தபோது அவள் எழுந்து முகம் கழுவியிருந்தாள்.

"அந்தக் கம்பியடியைக் கிண்டிப் பாருங்கோ, நானா" என்றாள்.

கந்தோர் ஆட்கள் முதலில் கரண்டைத் துண்டித்தார்கள். சுவர்க் குழாயை உடைத்துப் பார்க்க, எலி அரித்த உயிர்க் கம்பியும் பச்சை எர்த் வயரும் ஒன்றோடொன்று ஒட்டிக் கருகியிருந்தன. பச்சை வயர் மண்ணுக்கடியால் போய், பழைய மில்லின் எர்த் கம்பியான வைரவரில் முடிந்தது. எல்லாம் மாற்றி முடிய ஒரு கிழமை சென்றது. கச்சு முகம்மது பட்டறையின் மறுபக்கத்தில் புது எர்த் கம்பி அடித்தார். பழைய கம்பியை என்ன செய்வது என்று தவராசா கேட்டான். அதைப் பிடுங்கத்தான் போகிறார் என்று நேசமலர் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"வயரை வெட்டியாச்சு" என்றார் கச்சு முகம்மது. "சூலத்தை வெட்டச் சொல்லி என்னட்டை ஒருத்தரும் சொல்லேல்லையே."

மூன்று கம்பியையும் திரும்ப அளந்து, மூன்றும் ஒன்றுபோல நின்றபிறகுதான், "இனிப் போய் மாட்டை அவிட்டுக்கொண்டு வாங்கோ" என்று தவராசாவை வவுனியாவுக்கு விட்டார்.

மிசின் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. நாய் மட்டும் இன்னும் பாலை மரத்தைச் சுற்றித்தான் போகிறது. அங்கே இப்போது கரண்ட் இல்லை என்று நேசமலருக்குத் தெரியும். நாய்க்கு என்ன தெரியும் என்று அவள் ஆரிடமும் கேட்கவில்லை. சிலிர்ப்பு இல்லாத வைரவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறாள். கேள்வி கேட்பதில்லை, கும்பிடுவது மட்டும்.

சில வருசம் கழித்துக் கண் மங்கியதும் கச்சு முகம்மது புத்தளத்தில் இருக்கிற மகள் றம்லாவோடு போய்ச் சேர்ந்தார். அங்கேதான் மௌத்தாகி அடக்கமானார் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். புத்தளத்துக்குப் புறப்பட்ட அன்று பட்டறைக்குச் சொல்லிக்கொள்ள வந்தார். நேசமலர் கழுவித் துடைத்து வைத்திருந்த செருப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"வைச்சிருங்கோ, தங்கச்சி. புதுக் கம்பிக்கும் வெயில் காலத்திலை ஒரு செம்புத் தண்ணி ஊத்தவேணும், மண் காயக்கூடாது. அங்கை ஊத்தேக்கை இதைப் போட்டுக்கொண்டு போங்கோ." பாலை மரப் பக்கம் ஒருதரம் பார்த்தார். "வைரவரட்டைப் போகேக்கை கழட்டிப்போட்டுப் போங்கோ."