கேள்விப்படாதவரின் மகள்

நோர்வேயில் நரகத்தைப் பற்றி வாஃபிள் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார்கள். சுவிசேஷத்தைக் கேள்விப்படாமலே செத்தவர்களின் கதி என்ன என்று வேதவகுப்பில் ஒருவர் ஜாம் தடவியபடி கேட்டார். இயேசுவை நம்பாத எவருக்கும் மீட்பில்லை என்றார் இன்னொருவர். கேள்விப்படாதவரைக் கடவுள் மனசாட்சியைப் பார்த்துத் தீர்ப்பார், கேட்டும் ஏற்காதவருக்குத்தான் ஆபத்து என்றார் போதகர். நான் வாஃபிளைத் தட்டில் வைத்தேன். "என் அப்பா கண்டியில் இருக்கிறார்" என்றேன். பக்கத்திலிருந்த ஆஸ்ட்ரிட் அம்மையார் என் கையைத் தட்டி, "அங்கே இப்போது நல்ல வெயிலாக இருக்குமே" என்றார்.

நான் இங்கே வந்த பிறகு வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளானவள். அப்பாவிடம் சொல்லவில்லை. கண்டி டவுனில் பித்தளைச் சாமான் கடை வைத்திருக்கும் முருக பக்தர் அவர். எங்கள் வீட்டில் யார் படியிறங்கினாலும் "முருகா" என்று சொல்லித்தான் இறங்குவோம். டெலிபோனை வைக்கும்போதும் அப்படியே. சொல்லாமல் போனவர் திரும்பி வரும்வரை அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். போதகர் சொன்னதைக் கேட்டபின் எனக்கு ஒரு கள்ள நிம்மதி. அப்பாவிடம் வாயே திறக்கக்கூடாது. அவர் கேள்விப்படாதவராகவே இருந்துவிடட்டும். ஊரில் இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். மற்றவர்கள் சுவிசேஷம் சொல்லக் கடல் கடந்து போகிறார்கள், நானோ பெற்ற தகப்பனிடமிருந்து அதை ஒளித்துவைத்தேன்.

போன வருடம் அப்பாவுக்கு இதய ஆப்பரேஷன் என்று தம்பி சொன்னதும் ஓடினேன். பேராதனை ஆஸ்பத்திரியில், கட்டிலோரக் கதிரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ வேதத்துல சேந்துட்டதானே?" என்றார் அப்பா.

"யாருப்பா சொன்னா?"

"போன் வைக்கிறப்ப முருகான்னு சொல்றதில்லையே, அதுலயே தெரிஞ்சிருச்சி. பயப்படாத புள்ள. நான் படிச்சது மிஷன் ஸ்கூல்தானே. வேதபாடத்துல மொத பரிசு வாங்கினவன்."

இயேசு சொன்ன காணாமற்போன ஆட்டின் கதையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை தட்டுத்தடங்கலின்றிச் சொன்னார். சொல்லிவிட்டு, பரிசை இப்போதுதான் வாங்கியவர் மாதிரிச் சிரித்தார். அப்பா கேள்விப்படாதவரே இல்லை. நான் பிறக்கும் முன்பே அவர் எல்லாவற்றையும் கேட்டாயிற்று.

"அப்ப நம்புறீங்களா அப்பா? நம்புறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நல்ல சாமிதான், யாரு இல்லேன்னா? ஆனா எனக்கு முருகன் இருக்கானே."

தள்ளுவண்டி வந்தது. ஆப்பரேஷன் தியேட்டர் கதவருகே தலையைத் திருப்பி என்னையே பார்த்தார். அவருக்கு என்ன வேண்டுமென்று எனக்குத் தெரியும். "முருகா" என்றேன். அவர் முகம் தெளிந்தது. கதவு மூடியதும் சுவரோடு ஒட்டி நின்று இயேசுவிடம் மன்றாடினேன். அவருக்காக முதலில் கேட்பதா, அந்தப் பெயரைச் சொன்ன எனக்காகவா என்று தெரியவில்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார். "முருகன் காப்பாத்திட்டான்" என்கிறார் டெலிபோனில். எங்கள் ஜெபம் கேட்கப்பட்டது என்கிறார் ஆஸ்ட்ரிட். இருவருக்கும் ஆமாம் என்கிறேன். ஆனால் பயம் போகவில்லை. என்றைக்காவது எனக்குப் பரலோக வாசல் திறக்கலாம். படியில் கால் வைக்கும்போது, அப்பா வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பார், அந்த ஒரு வார்த்தைக்காக. அதைச் சொல்லாமல் உள்ளே போக என்னால் முடியுமா?