கொட்டகையில் முக்காடு

மாட்டுங்காவில் இருந்த அந்த சினிமாக் கொட்டகையில் விளக்கு அணைந்ததும், பக்கத்து நாற்காலியில் இருந்த என் ஓரகத்தி சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். வேதக்கோயிலில் ஜெபம் தொடங்கும்போது போடுவாளே, அதே முக்காடு. முன் வரிசையில் பீடி குடித்துக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எனக்கு மானம் போயிற்று. இவளுக்கு மட்டும் எங்கே போனாலும் இந்த நிம்மதி எப்படிக் கூடவே வருகிறது என்று வயிறும் எரிந்தது.

பர்மாவில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் வீட்டுக்காரர்கள், அண்ணனும் தம்பியும், தாராவியில் தோல் பதனிடும் வேலையை விட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்து போனவர்கள். எட்டு மாதமாக இருவரிடமிருந்தும் கடிதம் இல்லை. மாமனாரோடு ஒரே அறையில் நாங்கள் இருவரும் காத்துக் கிடந்தோம். கொட்டகையில் படத்துக்கு முன்னால் யுத்தச் செய்திப் படம் காட்டுவார்கள், அதில் நம்மவர்கள் முகம் தெரியும் என்று யாரோ சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் சாயங்காலம் போனேன். படகிலிருந்து இறங்குகிறவர்கள், லாரியில் ஏறிக் கையசைக்கிறவர்கள் எல்லாரும் கண் இமைப்பதற்குள் மறைந்துவிடுவார்கள். பிறகு வரும் படத்தையும் இருந்து பார்ப்பேன். அந்த மூன்று மணி நேரம் எதுவும் ஞாபகத்துக்கு வராது. அதற்காகவும்தான் போனேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அதே நேரத்தில் அவள் உபதேசியார் வீட்டு ஜெபக்கூட்டத்தில் இருப்பாள். திரும்பி வந்து இரண்டு வாய் சாப்பிட்டுப் படுத்தால் உடனே தூங்கிவிடுவாள். எனக்கு அது பொறுக்காது. நான் மூத்தவள், அவளைவிடக் கீர்த்தனைகள் அதிகம் தெரிந்தவள். அவளுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை? எடுத்துக்கொள்ள முடியாததைக் கெடுத்தாவது பார்க்கலாம் என்று தோன்றிவிட்டது.

ஒரு சனிக்கிழமை, ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் கூசாமல் பொய் சொன்னேன். "ஏட்டி, போன வாரம் படத்துல ஒன் வீட்டுக்காரரப் பாத்தேன். கரையில நின்னு சிரிச்சாரு. இன்னைக்கும் அதையேதான் காட்டுதாங்களாம்."

அவள் கை நின்றது. சினிமா பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அரிசியை ஒதுக்கி வைத்துவிட்டு, "வாரேன்க்கா" என்றாள். ஜெபக்கூட்டத்தை விட்டுவிட்டு என்னோடு மாட்டுங்காவுக்கு நடந்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

செய்திப் படம் ஓடியபோது அவள் முக்காட்டுக்குள் கண்ணை மூடவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. திரையில் ஒரு முகம் வந்தால், "காத்துக்கொள்ளும் ஆண்டவரே" என்பாள். அடுத்த முகத்துக்கும் அதே வார்த்தை. சீக்கியன், கூர்க்கா, வெள்ளைக்காரன், கைதியாகக் குனிந்து நின்ற ஜப்பான்காரன் என்று ஒருவரையும் அவள் விடவில்லை. இத்தனை வாரமாக அந்த முகங்களையெல்லாம் இவன் இல்லை, இவனும் இல்லை என்று தள்ளிக்கொண்டிருந்தவள் நான்.

வெளியே வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. "ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும்க்கா. ஒங்க கொழுந்தன் பட்டாளத்துல சோறு பொங்குதவரு. அடுப்படியில நிக்கவர யாரு படம் பிடிக்கப் போறா?"

"பின்ன எதுக்குட்டி வந்த?"

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கண்ணு செவந்து வாரீங்க. ஒத்தையில இருந்து அழுதீங்களேன்னு வந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதுவரை அவள்மேல் பட்ட பொறாமையெல்லாம் சேர்ந்தாலும் அன்றைக்குப் பட்டதற்கு ஈடாகாது.

சில மாதங்களில் என்னவர் இறந்துபோனதாகத் தந்தி வந்தது. சண்டை முடிந்து கொழுந்தன் வீடு திரும்பினார். அவர் வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதைச் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

இப்போது செம்பூரில் அவள் மகன் வீட்டில்தான் இருக்கிறேன். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குக் கிளம்பினால் பேரப்பிள்ளைகள் டி.வி.யை விட்டு எழுந்திருப்பதில்லை. அவர்களைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. தந்தி வந்த வாரத்துச் சனிக்கிழமைகூட நான் கொட்டகைக்குத்தான் கிளம்பினேன். பாதி வழியில், இனி அங்கே தேடுவதற்கு யாரும் இல்லை என்பது உறைத்தது. திரும்பி நடந்து உபதேசியார் வீட்டுக்குப் போய் அவள் பக்கத்தில் முழங்காலிட்டேன். புருஷனுக்காகக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. "இவளுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடும்" என்று மட்டும் கேட்டேன். அன்றைக்கு என்னிடம் பொறாமையைத் தவிர வேறு காணிக்கை இல்லை. கர்த்தர் அதையும் வேண்டாமென்று சொல்லவில்லை.